ஐ.சி.எல். வைத்து 23 நாள் ஆகிறது, கிரைண்டிங் வேலைக்குத் திரும்பலாமா?

சோடாபுட்டி:

வணக்கம்ங்க. கண் ஆபரேஷன் பற்றி இங்கே வந்த பழைய கேள்விகளை எல்லாம் படித்துவிட்டேன். எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களாகவே இருக்கிறார்கள், என்னை மாதிரி பட்டறை ஆள் ஒருத்தர்கூட கேட்கவில்லை. அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

வயது 26. அன்னூர் பக்கம் ஊர், கணபதியில் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை. பாதி நாள் லேத், பாதி நாள் ஹேண்ட் கிரைண்டர். வலது கண் மைனஸ் 9, இடது மைனஸ் 10.5, இடதில் சிலிண்டர் பவரும் உண்டு. மூன்றாம் வகுப்பில் போட்ட கண்ணாடி, பள்ளிக்கூடம் முழுக்க சோடாபுட்டி என்றுதான் பெயர், வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். லேசரில் செதுக்குகிற லாசிக் கேட்டுப் போனால், கருவிழி, அதாவது கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற தோல், மெல்லிசாக இருக்கிறது, இந்தப் பவருக்குச் செதுக்கினால் மிச்சம் இருக்காது என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அம்மா சீட்டு எடுத்துக் கொடுக்க, போன மாசம் இரண்டு கண்ணுக்கும் ஐ.சி.எல்., அதாவது சொந்த லென்ஸை எடுக்காமலே கண்ணுக்குள் வைக்கிற பவர் லென்ஸ், வைத்தாயிற்று. இன்றைக்கு 23வது நாள். காலையில் கண் விழித்ததும் விட்டத்தில் ஓடும் பல்லி தெரிகிறது. பல்லி பார்க்கவா இவ்வளவு செலவு என்று தங்கச்சி கேலி பேசுகிறாள், பேசட்டும்.

இப்போது சிக்கல் என்னவென்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு மாசம் தூசியில் போக வேண்டாம் என்றார். மருந்து விளக்கிச் சொன்ன பெண் ஒரு வாரம் போதும் என்றது. மச்சான், இனி ஆயுசுக்கும் கனம் தூக்கக் கூடாது, லென்ஸ் நழுவிவிடும் என்கிறான். முதலாளி திங்கட்கிழமை வந்துவிடு என்கிறார், அவருக்கு ஆர்டர் அவசரம். அம்மாவைப் பெற்ற அம்முச்சி வேறு தினமும் நந்தியாவட்டைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, பிழிந்து விட்டால் குளுகுளுவென்று இருக்கும் கண்ணு என்று பின்னாலேயே வருகிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லியும் ஒரே தொந்தரவு.

நேற்று சும்மா பட்டறைப் பக்கம் போனேன். பக்கத்து மிஷினில் ஒருத்தன் ஏர் கன்னால் இரும்புப் பிசிறு ஊதிக்கொண்டிருந்தான். என் மூஞ்சியில் என்னவோ பட்டது, அவ்வளவுதான், உடம்பெல்லாம் ஆடிப்போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிப் பயந்தது கிடையாது. வேலைக்குத் திரும்பலாமா, எப்படித் திரும்புவது, உள்ளே இருக்கிற லென்ஸுக்கு அடிபட்டால் என்ன ஆகும், ஆடிக் காற்றில் வண்டி ஓட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஈரோட்டு அம்மணி:

தம்பி, எனக்கு 2021ல் வைத்தது. மைனஸ் 12, இரண்டு கண்ணும். பேங்கில் வேலை, அதனால் உன் பட்டறைக் கதைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, மற்றதைச் சொல்கிறேன்.

எனக்கு ஆபரேஷன் அன்று சாயங்காலமே இடது பக்கம் தலைவலி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் இருந்த களைப்பு என்று நானும் படுத்துவிட்டேன். நல்ல வேளை, வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் போன் போட்டார். உடனே வரச் சொல்லி கண் அழுத்தம் பார்த்தால் 38. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது. லென்ஸ் வைக்கும்போது கண்ணுக்குள் ஜெல் மாதிரி ஒன்று விடுவார்களாம், அதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டால் நீர் வடியும் வழி அடைத்துக்கொள்ளுமாம். கொஞ்சம் நீரை வெளியே எடுத்து, மாத்திரை கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நீ 23 நாள் தாண்டிவிட்டாய், இது உனக்கு இல்லை, ஆனால் இனிமேல் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு ராத்திரி தலைவலி, வாந்தி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அப்புறம் வளையம். ராத்திரி எதிரே வருகிற லாரி வெளிச்சத்தைச் சுற்றி எனக்கு ஒரு வட்டம் தெரியும். முதல் இரண்டு மாசம் பெருந்துறை பைபாஸில் ராத்திரி வண்டி எடுக்கவே இல்லை. லென்ஸ் நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறது, வெளிச்சம் அதன் ஓரத்தில் பட்டுச் சிதறுவதால் வருகிற வளையம் அது. இப்போதும் தேடிப் பார்த்தால் இருக்கிறது, தேடாவிட்டால் இல்லை.

அரப்பு விஷயத்தில் மட்டும் அம்முச்சி பேச்சைக் கேட்காதே. ஆறாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஒரு துளி அரப்புத் தண்ணீர் கண்ணுக்குள் போய், எரிச்சலில் என்னை அறியாமல் புறங்கையால் கசக்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று முழுக்க அழுதுகொண்டே இருந்தேன். பயத்தில்தான், வலியில் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ஷாம்புவைப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் குளி.


கபடிக்காரன்:

எல்லாரும் சும்மா பயமுறுத்துறீங்க. எனக்கு கோபி. ஐ.சி.எல். வைத்து 30வது நாளே கபடி ஆடினேன், முகத்தில் முழங்கை வாங்கியிருக்கிறேன், இன்றுவரை ஒரு குறையும் இல்லை. லென்ஸிலேயே யூவி தடுப்பு இருக்கிறது என்று கம்பெனிக்காரனே சொல்கிறான், வெல்டிங்கூடப் பார்க்கலாம். தைரியமாகப் போங்க நண்பா.


லேத்துப்பட்டறை:

தம்பி சோடாபுட்டி, உங்கள் முதலாளி மாதிரி நானும் ஒருத்தன், பீளமேட்டில் சின்னதாகப் பட்டறை, ஆறு ஆள். 31 வருஷமாக இந்தத் தொழில். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது, பிசிறு விஷயம் தெரியும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய சோடாபுட்டிக் கண்ணாடி வீட்டில் இருக்கும், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கிரைண்டிங் பொறி பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளியாகக் குத்தி நிற்கும். கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அத்தனையும் உங்கள் கண்ணுக்கு வந்தது தம்பி. பவருக்காகப் போட்ட கண்ணாடி இத்தனை நாள் கேட்காமலே காவல் இருந்தது. இன்றைக்கு அந்தக் காவலைச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் ஏர் கன் சத்தத்துக்கு உடம்பு ஆடியிருக்கிறது. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பட்டறையில் கண்ணில் பிசிறு விழுந்த ஆட்களைக் கணக்குப் பார்த்தால், சின்ன வயசிலிருந்து கண்ணாடி போட்டவன் ஒருத்தனும் அதில் இல்லை. நல்ல கண் உள்ளவன்தான் மாட்டியிருக்கிறான். இப்போது நீங்களும் நல்ல கண் உள்ளவன்.

எங்கள் ஆட்கள் பிசிறு எடுப்பார்கள் பாருங்கள், பேப்பரை நான்காக மடித்து அதன் மூலையால், தலைமுடியைச் சுருக்குப் போட்டு, கெட்டிக்காரன் என்றால் குண்டூசியால். ஒவ்வொரு பட்டறையிலும் இதற்கென்று ஒரு கைராசிக்காரன் உண்டு, டீ வாங்கிக் கொடுத்தால் போதும். எங்கள் பழைய மேஸ்திரி நாற்பது பேருக்கு எடுத்திருப்பார், நாற்பத்தொன்றாவது ஆளுக்குக் கருவிழியில் புண் வந்து இன்றும் அந்தக் கண்ணில் வெள்ளைத் தழும்பு இருக்கிறது. உங்கள் கண்ணை அப்படி யாரிடமும் காட்டாதீர்கள்.

கண்ணாடிக் கடையில் விற்கிற ஜீரோ பவர் கண்ணாடி வேண்டாம், அது காற்றுக்கு ஆகும், கிரைண்டிங் வீல் உடைந்தால் ஆகாது. பாலிகார்பனேட்டில் செய்த சேஃப்டி கண்ணாடி வாங்குங்கள், பக்கவாட்டிலும் மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் இசட்87+ என்றோ, இ.என். 166 என்றோ பொறித்திருக்கும், அது இல்லாததை எடுக்காதீர்கள். கிரைண்டர் பிடிக்கும்போது அதற்கு மேலே முழு முகத்துக்கும் ஃபேஸ் ஷீல்டு. ஷீல்டு இருக்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றுவது எங்கள் பசங்களின் வழக்கம், பொறி கீழே இருந்து வளைந்து ஏறி உள்ளே வரும். வியர்வையில் பனி மூடுகிறது என்று நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்கள், அதற்குப் பனி பிடிக்காத வகையே கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. வீல் மாட்டினதும் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, நீங்கள் விலகி நின்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஷிப்ட் முடிந்து ஏர் கன்னால் துணியை ஊதிக்கொள்கிற கெட்ட பழக்கத்தை நீங்களும் விடுங்கள், பக்கத்து மிஷின்காரனையும் விடச் சொல்லுங்கள். பிரஷ் எதற்கு இருக்கிறது?

திங்கட்கிழமை வரச் சொன்ன முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஒரு வாரம் பேக்கிங்கில் உட்கார வைத்தால் பட்டறை மூழ்கிவிடாது.


கருவிழி:

கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. தினமும் ஐ.சி.எல். கண்களை அளக்கிற வேலை. உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை, அதனால் தேதி குறிப்பது உங்கள் டாக்டர் வேலை, அவர் ஒரு மாசம் என்றால் ஒரு மாசம்தான். மருந்து விளக்கிய பெண் சொன்ன ஒரு வாரம் பெரும்பாலும் மேஜை வேலைக்காரர்களுக்குச் சொல்வது. பழக்கத்தில் உங்களுக்கும் அதையே சொல்லியிருப்பார்.

அந்த லென்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கண்ணில் நிறமாகத் தெரிகிற வட்டத்துக்கு, அதாவது ஐரிஸுக்குப் பின்னால், உங்கள் சொந்த லென்ஸுக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் அது நிற்கிறது. உள்ளே விட்ட வழி கருவிழி ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் கீறல், தையல் கிடையாது, தானாக ஒட்டிக்கொள்ளும். லாசிக் மாதிரி மேலே மூடி எதுவும் வெட்டித் திறக்கவில்லை, அதனால் மூடி நகர்ந்துவிடும் என்ற கவலை உங்களுக்குக் கிடையாது. முதல் சில வாரம் நாங்கள் கசக்காதே கசக்காதே என்று கத்துவது இரண்டு காரணத்துக்காக: ஒட்டுகிற கீறல் வாய் திறந்தால் கிருமி உள்ளே போகும், இன்னொன்று லென்ஸ் திரும்பும். உங்கள் இடது கண்ணில் சிலிண்டர் இருப்பதால் அங்கே வைத்தது அந்தச் சிலிண்டரையும் சேர்த்துச் சரி செய்கிற டோரிக் லென்ஸாக இருக்கும், அதற்குத் திசை உண்டு. கொஞ்சம் திரும்பினாலும் பார்வை கலங்கும், நிறையத் திரும்பினால் மறுபடி உள்ளே போய் நேராக வைக்க வேண்டியிருக்கும். ஒரு கண் மட்டும் திடீரென்று எழுத்துக்கு நிழல் விழுகிற மாதிரி தெரிந்தால் அதைக் கவனியுங்கள்.

கசக்கும் பழக்கம் ஆறு வாரத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. ஏற்கெனவே கருவிழி மெல்லிசு என்று சொன்னீர்கள். மெல்லிய கருவிழியை வருஷக்கணக்கில் கசக்கினால் அது கூம்பு மாதிரி முன்னால் பிதுங்குகிற ஆபத்து தனியாக இருக்கிறது. அரிப்பு இருந்தால் அலர்ஜிக்குச் சொட்டு கேளுங்கள்.

கனம் தூக்குவது பற்றி மச்சான் சொன்னது தவறு. முதல் இரண்டொரு வாரம் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்போம், அவ்வளவுதான். காயம் ஆறின பிறகு மூட்டை தூக்கி லென்ஸ் நழுவாது. அடி விழுந்தால்தான் நழுவும்.

கபடிக்காரரே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் சந்தோஷம். ஆனால் முகத்தில் பலமாக அடிபட்டு ஐ.சி.எல். ஒரு பக்கம் கழன்று கண்ணின் நடுக் கருப்பு ஓட்டையான பாப்பா வழியாக முன்னால் வந்துவிட்ட கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் மறுபடி சரி செய்துவிடுகிறார்கள், ஆனால் அதே அடி பின்னால் இருக்கிற விழித்திரையையும் சும்மா விடுவதில்லை. பந்து விளையாட்டில் நான் அதிகம் பயப்படுவது ஷட்டில் காக்குக்கு. கிரிக்கெட் பந்தைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் தாங்கும், ஷட்டில் காக் கண் குழிக்குள் அளவெடுத்த மாதிரி நுழைந்துவிடும். யூவி விஷயமும் அப்படித்தான். லென்ஸில் யூவி தடுப்பு இருப்பது உண்மை. ஆனால் வெல்டிங் வெளிச்சம் முதலில் சுடுவது கருவிழியின் மேல் தோலை, அது லென்ஸுக்கு முன்னால் இருக்கிறது. வாசலில் இருக்கிற ஆளைத் திண்ணைக்குப் பின்னால் இருக்கிற கதவு எப்படிக் காப்பாற்றும்? இந்த ஒரு வரியை நம்பி யாரும் வெல்டிங்கை வெறும் கண்ணால் பார்த்துவிடாதீர்கள்.

இப்போது பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுத்தியல் அடிக்கும்போதோ வீல் சிதறும்போதோ வேகமாக வருகிற இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வலி அதிகம் இருக்காது, ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கென்று இருந்தது, இப்போது பரவாயில்லை என்று டீ குடிக்கப் போவார்கள். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து நாளடைவில் பார்வையைக் கெடுத்துவிடும். அப்படி ஒன்று பட்டால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், பிளாஸ்டிக் மூடியோ பேப்பர் கப்போ வைத்து அழுத்தாமல் மூடிக்கொண்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு பட்டது, உள்ளே லென்ஸ் இருக்கிறது, இரண்டையும் வாயைத் திறந்து சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இரும்பு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், காந்தம் அந்தத் துணுக்கை இழுத்து நகர்த்தும். சி.டி. ஸ்கேன்தான் எடுப்பார்கள். ஐ.சி.எல். மட்டும் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை, அதில் உலோகம் கிடையாது.

ரசாயனம் தெறித்தால் இதற்கு நேர்மாறு. கூலண்ட், சுண்ணாம்பு, பாட்டரி ஆசிட், எதுவாக இருந்தாலும் ஆபரேஷன் கண்ணுக்குத் தண்ணீர் ஆகாது என்ற பேச்சுக்கே அந்த நிமிஷம் இடம் இல்லை. அங்கேயே, குழாய்த் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 20 நிமிஷம் கழுவிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். ஆபரேஷன் ஆகி நாலு நாளாக இருந்தாலும் இதுதான்.

சொட்டு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு சொட்டைச் சீட்டில் உள்ளபடி குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். கண் சிவந்திருக்கிறது என்று மெடிக்கலில் அதே பாட்டிலை மறுபடி வாங்கி விட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதிக மைனஸ் பவர் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு அழுத்தத்தை ஏற்றிவிடுவது மற்றவர்களைவிட அதிகம். அந்த அழுத்தம் சத்தமில்லாமல் பார்வை நரம்பைத் தின்றுவிடும்.

கடைசியாக, இதுதான் எனக்கு முக்கியம். உங்கள் பவர் போய்விட்டது, உங்கள் கண் மாறவில்லை. சாதாரணக் கண் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். மைனஸ் பத்துக் கண் 27, 28 இருக்கும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கும், பழைய வேட்டியில் கரை ஓரம் நைந்து போகிற மாதிரி. லென்ஸ் வைத்ததால் அது தடிமனாகிவிடாது. ஐந்து வருஷம் கழித்து, எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே என்று பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். மின்னல் மாதிரி வெளிச்சம் ஓரத்தில் வெட்டினால், திடீரென்று கொசுக்கூட்டம் மாதிரி கரும்புள்ளி மிதந்தால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருந்தால், அன்றைக்கே போக வேண்டும். வலிக்காது. வலிக்காததால்தான் நிறையப் பேர் பொங்கல் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிவிடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை பாப்பாவை விரிய வைத்து விழித்திரை பார்ப்பதோடு இன்னும் இரண்டு அளவு கேளுங்கள். ஒன்று வால்ட், அதாவது ஐ.சி.எல்.லுக்கும் உங்கள் சொந்த லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பொதுவாக 250 முதல் 750 மைக்ரான் வரை இருந்தால் நல்லது. மிகவும் குறைந்தால் சொந்த லென்ஸில் புரை விழ வாய்ப்பு, மிகவும் கூடினால் ஐரிஸை முன்னால் தள்ளி நீர் வடியும் கோணத்தை நெருக்கும். வயது ஏற ஏற சொந்த லென்ஸ் தடித்துக்கொண்டே வரும், அதனால் இன்று நன்றாக இருக்கிற வால்ட் பதினைந்து வருஷத்தில் குறையலாம். இன்னொன்று கருவிழியின் உள்பக்கச் செல் எண்ணிக்கை. உங்கள் வயதில் சதுர மில்லிமீட்டருக்கு 2500க்கு மேல் இருக்கும், போனது திரும்ப முளைக்காது. லென்ஸ் விவரம் எழுதிக் கொடுத்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், போட்டோ எடுத்து அம்மா போனிலும் அனுப்பி வையுங்கள்.


சாளைக்காரி:

ஏனுங்க கருவிழி அக்கா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கோணும். எங்களுக்குச் சத்தியமங்கலம் பக்கம் கரும்புத் தோட்டம். என் தங்கச்சிக்கு இரண்டு மாசம் முன்னால் இதே லென்ஸ்தான் வைத்தது. முந்தாநாள் கரும்பில் காய்ந்த இலையை, சோகையை, உரிக்கையில் கண்ணில் கீறிவிட்டது. ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த சொட்டு மிச்சம் இருந்தது, அதையே விட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது என்கிறாள். நாளைக்கழித்து ஊர் நோம்பி, முடித்துவிட்டுப் போகலாமா?


கருவிழி:

வேண்டாம்ங்க. இதைப் படித்ததும் கிளம்புங்கள். அந்தச் சொட்டை இப்போதே நிறுத்துங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கரும்புச் சோகை, சோளத்தட்டு, நெல் உமி, இந்த மாதிரி தாவரம் கீறின காயத்தில் பூஞ்சைத் தொற்று வருவது நம் பக்கத்தில் சாதாரணம். ஆபரேஷன் சமயத்தில் கொடுத்தது ஸ்டீராய்டாக இருந்தால் பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி. சிவப்பு கொஞ்சம் குறையும், உள்ளே புண் பரவும். தங்கச்சியின் லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் லென்ஸ் வைத்த கண் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த நந்தியாவட்டைக்கும் இதே பதில்தான். பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். அம்முச்சியின் பாசத்தைக் கையில் வாங்கி சாமி படத்துக்கு வைத்துவிடுங்கள்.


ஈரோட்டு அம்மணி:

ரசாயனம் என்றதும் ஞாபகம் வந்தது. என் கொழுந்தனார் ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறார். அவரோடு வேலை செய்த பையனுக்குக் காஸ்டிக் சோடா தெறித்து, அவன் ஓட்டமாக ஓடிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான், கழுவாமலே. போகிற இருபது நிமிஷத்தில் போக வேண்டியது போய்விட்டது. தொட்டி தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததாம். கருவிழி சொன்னதை அவருக்கும் அனுப்பிவிட்டேன்.


கபடிக்காரன்:

சரி சரி, வெல்டிங் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கபடியை விட மாட்டேன். ஆனால் விழித்திரை பார்த்து மூன்று வருஷம் ஆகிறது, அதைப் பார்த்துவிடுகிறேன்.


சோடாபுட்டி:

எல்லாருக்கும் நன்றிங்க. பதில் போட நாலு நாள் ஆகிவிட்டது.

நேற்று செக்கப் போனேன். அழுத்தம் வலது 15, இடது 16. வால்ட் கேட்டேன், அங்கே இருந்தவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 520, 480. இடது லென்ஸ் திரும்பவில்லை. விழித்திரையில் இடது பக்க ஓரத்தில் ஒரு இடம் மெலிந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு முன்னாலேயே அதைச் சுற்றி லேசர் போட்டிருக்கிறார்கள், எனக்கு அது என்னவென்றே அப்போது தெரியாது, ஏதோ டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் இன்னும் மூன்று வாரம் தொடக் கூடாது, லேத் அடுத்த வாரத்திலிருந்து, சேஃப்டி கண்ணாடியோடு. வண்டி ஓட்டலாம், ஆனால் ஹெல்மெட் வைசரை இறக்கிவிட்டுத்தான். ஆடி முடிகிற வரைக்கும் அதற்குள்ளேயும் சேஃப்டி கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் என்ன பாடு படுத்தும் என்று டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்குப் பல்லடம்.

முதலாளியிடம் பேசினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பேக்கிங்கில் ஒரு வாரம் உட்கார், அதற்குமேல் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் அவரே கடைக்குக் கூட்டிப்போய் எட்டு சேஃப்டி கண்ணாடி வாங்கினார், எட்டு பேருக்கும். இசட்87+ பொறித்திருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்ததில் கடைக்காரர் கடுப்பாகிவிட்டார்.

லேத்துப்பட்டறை அண்ணா, பழைய கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பீரோவில் அம்மாவின் சேலைக்கு அடியில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். வலது பக்கம் பதினான்கு, இடது பக்கம் ஒன்பது. அதில் ஒன்று சரியாக நடுவில், பாப்பாவுக்கு நேராக. அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வாங்கித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டது.